திருச்சி ஜில்லா, நாமக்கல் தாலுகா, புதூர்

வருகிற மாசி மாதம் நாமக்கல்லுக்குப் போகிறோம். நான், அண்ணன், என் மகள், மூன்று பேர். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். அங்கிருந்து காரில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு நாமக்கல் போய்விடலாம். என் கொள்ளுத் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் நோய் பார்க்கிற முகாமில் அடைபட்டுக் கிடந்து, அப்புறம் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாராம். அந்தத் தூரம் இன்றைக்கு ஒரு காலைப்பொழுது. ஆனால் இறங்கி எந்த ஊருக்குப் போவது? அதற்காகத்தான் மூன்று வருஷமாக உழைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ஒரு தடவை போனார், 1998-இல். கோயில் சுற்றுலாக் குழுவோடு தமிழ்நாடு போனவர், திருச்சியில் ஒரே ஒரு நாளைத் தாத்தா ஊருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஊர் எது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான், பாடம் ஒப்பிப்பதுபோல வரும்: "திருச்சி ஜில்லா, நாமக்கல் தாலுகா, புதூர்." அப்பா அதையே வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவரோ, "நாமக்கல் சேலத்துல இருந்துச்சுங்க, போன வருசம்தான் தனி மாவட்டமாச்சு. திருச்சியில நாமக்கல் தாலுகா ஏதுங்க? உங்க பெரியவங்க மாத்திச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, திருச்சிப் பக்கமே ஒரு புதூருக்கு ஓட்டிப் போயிருக்கிறார். அங்கே ஒரு பெரியவர், "ஆமாம், மலேயா போனவங்க குடும்பம் இருந்துச்சு" என்றாராம். அப்பா அந்த ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தபிறகு, "அது நம்ம ஊர் மாதிரித் தெரியலம்மா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். 2009-இல் அப்பா இறந்துவிட்டார். அவர் சொன்ன அந்த ஒரு வரி என்னை விடவே இல்லை.

வண்டிக்காரரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் தவறு அவருடையது, கொள்ளுத் தாத்தாவுடையதல்ல. வெள்ளைக்காரன் காலத்து சர்க்கார் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நாள் ராத்திரி அவற்றைப் புரட்டினால், திருச்சினாப்பள்ளி ஜில்லாவின் தாலுகாக்களில் நாமக்கல்லும் ஒன்றாக நிற்கிறது. நாமக்கல்லைச் சேலத்திலிருந்து எடுத்துத் திருச்சினாப்பள்ளியோடு சேர்த்தது 1910-இல், அது மறுபடி சேலத்துக்குப் போனது பிற்பாடுதான். இடைப்பட்ட காலத்தில் ஊரைவிட்டு வந்தவர் வேறு எப்படிச் சொல்வார்? கொள்ளுத் தாத்தா ஊரைவிட்டுக் கிளம்பியபோது என்ன ஜில்லாவோ அதையே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நூறு வருஷமாக நாங்கள் அதை அவிழ்க்காமல் வைத்திருந்தோம்.

இதிலிருந்து ஊர் மட்டுமல்ல, காலமும் கிடைத்தது. அவர் 1910-க்குப் பிறகு வந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம், ஜில்லா மாறிய மறுநாளே நாக்கு மாறிவிடாது. அவர் மகன், என் தாத்தா, தோட்டத்தில் பிறந்தது 1918 என்று பிறப்புப் பத்திரம் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

அன்றையிலிருந்து எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். பெரியவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். திருத்தக் கூடாது, நல்ல தமிழாக்கக் கூடாது, "நீங்க இதைத்தானே சொல்றீங்க?" என்று எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

சொல்வதற்கு இப்போது மிச்சம் இருப்பவர் என் பெரிய அத்தை ஒருவர்தான். 1941-இல் பிறந்தவர், சுங்கை சிப்புட்டில் மகனோடு இருக்கிறார். கொள்ளுத் தாத்தா இறந்தபோது அத்தைக்கு ஒன்பது பத்து வயது. அவர் மடியில் உட்கார்ந்து கதை கேட்டவர். முதல் இரண்டு தடவை அத்தையிடம் நான் கேட்டது எல்லாமே வீண். ஊர் பேர் என்ன, அவர் அப்பா பேர் என்ன, எந்த வருஷம் வந்தார் என்று விசாரணை மாதிரிக் கேட்டேன். "எனக்கு என்னா தெரியும் பாப்பா" என்று முடித்துவிட்டார். மூன்றாவது தடவை அத்தையோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "காலையில எந்திரிச்சா தாத்தா என்ன பண்ணுவாரு?" என்று கேட்டேன். அவ்வளவுதான், அணை திறந்தது.

"எங்கே கெழக்குன்னு பாத்துக் கும்பிடுவாரு. எங்க ஊர்ல சூரியன் மலைக்குப் பின்னாடி இருந்துதான் வரும், இங்கே ரப்பர் மரத்துக்குப் பின்னாடி வருதுன்னு சொல்லிச் சிரிப்பாரு."

இதைக் கேட்டதும் என் கையிலிருந்த கீரை கீழே விழுந்துவிட்டது. நாமக்கல்லுக்குக் கிழக்கே இருப்பது கொல்லிமலை. சூரியன் மலைக்குப் பின்னால் எழ வேண்டுமானால் ஊர் மலையின் மேற்கு அடிவாரத்தில், மலை பெரிதாகத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஆற்றைப் பற்றி அவர் ஒரு கதைகூடச் சொன்னதில்லை என்றும் அத்தை உறுதியாகச் சொன்னார். அப்படியானால் மோகனூர், பரமத்தி வேலூர் என்று காவிரிக்கரையில் இருக்கிற ஊர்களை ஒதுக்கிவிடலாம். மலையிலிருந்து ஆட்கள் வாழைத்தார் சுமந்துகொண்டு சந்தைக்கு இறங்குவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு சின்னப் பெண் எழுபது வருஷத்துக்கும் முன் காதில் வாங்கிய நாலு வாக்கியம், பாதி மாவட்டத்தை வரைபடத்திலிருந்து அழித்துவிட்டது.

இரண்டாவது வழி கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் சேர்த்து அழைத்து வந்தவர். நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகா வரைக்கும் எழுதிய பதிவுகள் இருக்கின்றன. அந்த நாட்டுத் தமிழர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைகூட உண்டு. எங்கள் ஆள் கங்காணியோடு வந்தவர். மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். தொழிலாளர் இலாகா அறிக்கைகளில் எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்று இருந்தது, அவர் பெயரைத் தாங்கிய ஒரு சீட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கங்காணி முறையிலேயே ஒரு தடயம் உண்டு. கங்காணி தன் ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் போய், சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும்தான் அழைத்து வருவார். ஆகவே ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் (வரிசை வீடுகளில்) குடியிருந்தவர்களின் ஊர்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும். சொந்தத் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ஊரைத் தேட வேண்டும்.

எங்கள் தோட்டம் செம்பனையாக மாறி, குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிதறி முப்பது வருஷமாகிறது. கல்யாணத்திலும் கருமாதியிலும் மட்டும்தான் பார்த்துக்கொள்கிறோம். அப்படி ஒரு கருமாதியில் எங்கள் லயத்துக் கடைசி வீட்டுக்காரரைப் பிடித்தேன். பால்மரம் வெட்டி வெட்டி விரல் மடங்கிப்போன கை. "எங்க ஆளுங்க சேந்தமங்கலம் பக்கம்னு சொல்வாங்க. உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் ஒரே நடையில வந்தவங்க" என்றார். 'ஒரே நடை' என்றால் ஒரே கப்பல் பயணம். அவர் சொன்னதை அங்கேயே, சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்து எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வழி கடிதங்கள். தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்தவை ஏழு இருக்கின்றன. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி மழை இல்லை, பசு கன்று போட்டது, பணம் கிடைத்தது என்று போகும். எழுதுகிறவர் ஊரில் இருந்துகொண்டு எழுதுவதால் ஊரின் பெயரை உள்ளே எழுதவே மாட்டார். உறையைப் பார்க்கலாம் என்றால், ஐந்து உறைகளில் தபால்தலை இருந்த மூலை இல்லை. அண்ணன் சின்னப் பையனாக இருந்தபோது சேகரிப்பதற்காகக் கத்தரித்துவிட்டான், தபால்தலையோடு முத்திரையும் போய்விட்டது. இந்தப் பயணத்துக்கு அவன் இவ்வளவு முனைப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், அவன் சொன்னதில்லை. மிச்சம் இரண்டில் ஒன்று 1975-ஆம் வருஷத்தது. டார்ச்சைப் படுக்கவைத்து, வெளிச்சம் காகிதத்தின்மேல் சாய்வாக விழும்படி பிடித்தால், முத்திரையின் வட்டத்தில் 'மங்கலம்' என்று முடிகிற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. முகவரிக்குக் கீழே பின்கோடு, 637 என்று தொடங்குகிறது. இந்தியாவில் பின்கோடு வந்ததே 1972-இல்தான், ஆகவே முந்தைய கடிதங்களில் அது இல்லை. 637 நாமக்கல் வட்டாரத்து எண். சேந்தமங்கலம் கொல்லிமலையின் மேற்கு அடிவாரம். கடைசி வீட்டுத் தாத்தா சொன்னதும் அத்தையின் சூரியனும் தபால் முத்திரையும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

ஆனால் அது தபாலாபீஸ்தான், ஊர் அல்ல. ஒரு தபாலாபீஸின் கீழ் எத்தனையோ சிற்றூர்கள் இருக்கும். புதூர் என்பதோ ஊர்ப்பெயரே அல்ல என்று சொல்லலாம்: பழைய ஊரிலிருந்து நாலு குடும்பம் தள்ளிப்போய் வீடு கட்டினால் அது புதூர். முன்னால் ஒரு அடைமொழி இருக்கும், உள்ளூர்க்காரர்கள் அதை விட்டுவிட்டுப் பேசுவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் வருவாய்க் கிராமங்களைப் பார்க்கலாம், உட்கிடைக் குடியிருப்புகள் அதில் வராது. அந்த அடைமொழிதான் எனக்குக் கிடைக்காமல் இருந்தது.

இந்த இடத்தில் சொம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா 1957-இல் ரஜூலா கப்பலில் ஒரே ஒரு முறை ஊருக்குப் போய்வந்தார். திரும்பும்போது கொண்டுவந்தது ஒரு பித்தளைச் சொம்பு. பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகக் குத்திப் பேர் வெட்டித் தருவார்களே, அப்படிக் கழுத்தைச் சுற்றி எழுத்துகள் உண்டு. அறுபது வருஷம் புளி போட்டுத் தேய்த்ததில் புள்ளிகள் மழுங்கிப்போய், விரலால் தடவினால்தான் தெரியும். என் மகள் ஒரு யோசனை சொன்னாள். கோலமாவை எடுத்து மெல்லத் தடவி, மேலே மட்டும் துணியால் துடைத்தோம். புள்ளிக்குழிகளில் மாவு தங்கியது. ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினோம். 'பெ. மு.' என்று தாத்தாவின் தகப்பன் பெயரும் அவர் பெயரும். ஒரு இடைவெளி. பிறகு 'கி. மே. புதூர்'. கி. மே. என்றால் என்ன என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. கிழக்கு மேடு, கிழக்கு மேல்தெரு என்று ஆளுக்கொன்று சொன்னோம்.

குலதெய்வத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். எங்களுக்கு மாசி பெரியண்ணசாமி, கோயில் கொல்லிமலையில் இருக்கிறது. குலதெய்வம் தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும் என்பார்கள். அப்படி அல்ல. மாசி பெரியண்ணனைக் கும்பிடுகிறவர்கள் திருச்சி, நாமக்கல், சேலம் என்று பல பக்கம் இருக்கிறார்கள். ஆனாலும் இதை நான் பெரிய துணையாக நினைக்கிறேன், வேறொரு காரணத்துக்காக. எங்கெங்கோ இருக்கிற பங்காளிகள் குலதெய்வக் கோயிலுக்கு வந்தே ஆக வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த வகையறா வருகிறது என்பது பூசாரிக்கு மனப்பாடம். சர்க்கார் ஆபீஸில் கிடைக்காத வம்சாவளி அவர் வாயில் இருக்கும். மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். மகா சிவராத்திரியை ஒட்டி ஜனங்கள் குலதெய்வத்துக்குக் கிளம்புகிற காலம். ஐப்பசி, கார்த்திகை மழையும் விட்டிருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போக வேண்டும். அண்ணனுக்குத் தலைசுற்றல் உண்டு, மாத்திரை எடுத்துவைத்தாயிற்று.

எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இந்தப் பயணத்தில் இல்லை. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும், ஊர்ப்பெயர் கையில் இல்லாமல் போனால் எந்தக் கட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்வது? ஊர் கிடைத்தபிறகு இன்னொரு தடவை பார்க்கலாம். மரபணுச் சோதனை செய்யச் சொல்லி சித்தப்பா மகன் அடிக்கடி சொல்கிறான். அது தூரத்துச் சொந்தங்களைக் காட்டலாம், புதூரைக் காட்டாது.

நிலப் பதிவு விஷயத்தில் நான் ரொம்ப யோசித்தேன். பட்டா, சிட்டா எல்லாம் இணையத்திலேயே பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்கவே போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போனவரின் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து, முதல் நாளே பட்டாவைப் பற்றிக் கேட்டால் அந்த வீட்டுக்காரர்கள் மனசு என்ன பாடுபடும்? பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நினைப்பது நியாயமும்கூட. ஆகவே வாசற்படியில் நிற்கும்போதே, "சொத்துக்காக வரலைங்க, முகம் பார்க்கத்தான் வந்தோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்கும் மகளுக்கும் இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.

இன்னொன்றையும் மகளிடம் பேசவேண்டி வந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயது, கோலாலம்பூரில் வளர்ந்தவள். "அங்க போனா முதல்ல நீங்க யாரு வீடு, எந்த ஆளுங்கன்னு கேப்பாங்க. அது சாதியைக் கேக்கறது" என்றேன். அவள் முகம் மாறியது. எனக்கும் அது பிடிக்காத கேள்விதான். ஆனால் நம் ஆள் ஊரைவிட்டுப் போனதற்குப் பஞ்சம் மட்டும்தான் காரணம் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. அந்தக் கேள்வியின் பாரம் தாங்காமல் கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். எங்கள் வீட்டுக் கதையிலும் அது இருக்கலாம். போய்க் கேட்க வேண்டிய கதையில் அதுவும் ஒன்று. கேட்கிறவர் முகத்தில் அடித்தாற்போலப் பேசாமல், "தெரியலைங்க, அதையும் தெரிஞ்சுக்கத்தான் வந்தோம்" என்று சொல்லலாம் என்று மகளே ஒரு பதிலைத் தயார் செய்திருக்கிறாள். என்னுடையதைவிட நல்ல பதில்.

மொத்தம் பன்னிரண்டு நாள். அப்பாவுக்குக் கிடைத்த அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் நாட்களைப் பிரித்தேன். நாமக்கல்லில் எட்டு நாள் தங்கல், அதில் நாலு நாளில் எதையுமே போடவில்லை. "நாளைக்கு வாங்க, எங்க பெரியம்மா வருவாங்க" என்று யாராவது சொன்னால் நாளைக்கு நாம் அங்கே இருக்க வேண்டுமே. வண்டி உள்ளூர்க்காரருடையது. நாமக்கல்லில் ஒரு தமிழாசிரியையைத் தோழி ஒருத்தி அறிமுகப்படுத்தினாள். இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம். கடிதங்களை மூலமாக எடுத்துப் போகவில்லை, நகல்தான். படங்களை மட்டும் பெரிய அளவில் அச்சிட்டிருக்கிறேன், போனில் காட்டினால் வயதானவர்களுக்குக் கண் பிடிக்காது. கொள்ளுத் தாத்தாவுக்குப் படமே இல்லை. தாத்தாவின் படம், அவருடைய மூக்கு, அவருடைய காது, அதே காது அண்ணனுக்கும் இருப்பதைக் காட்டுகிற படம். பின்பக்கம் தமிழில் பெயர், உறவு. ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு வருவதற்காக இருபது பிரதி. சொம்பு மட்டும் அசலாகவே வருகிறது, கைப்பையில்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் செய்தேன். முழங்கால் வலி, மருந்து, மருமகள் வைத்த மீன் குழம்பு என்று பேசிக்கொண்டிருந்தார். நான் பயணத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. திடீரென்று, "பள்ளத்துல தண்ணி நின்னா உனக்குப் பயம், நீ எங்க தாத்தா மாதிரி. அவரு கெணத்துமேட்டுல பொறந்தவரு, மேட்டுலயே நடப்பாரு" என்றார்.

"எங்கே பொறந்தவரு அத்தை?"

"கெணத்துமேட்டுல. ஏன், நான் சொன்னதில்ல?"

எண்பது வயதைத் தாண்டியவர், என்னிடமும் அப்பாவிடமும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நோட்டில் அவர் சொன்னபடியே 'கெணத்துமேடு' என்று எழுதி, தேதியும் மணியும் போட்டேன். அப்புறம் அலமாரியிலிருந்து சொம்பை எடுத்தேன். கி. மே.

அன்றிரவே நாமக்கல் டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன்: "சேந்தமங்கலம் பக்கம் கிணத்துமேட்டுப் புதூர் என்று ஏதாவது உண்டா டீச்சர்? பழைய ஆட்களிடம் கொஞ்சம் விசாரிக்க முடியுமா?" இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.